தொட்டி காலி

காலை ஆறு மணிக்கு என் போன் ஒருதரம் அதிரும்.
"விளக்கு போட்டேன்."
பதினொரு நாளாக அந்த அறைக்குள் ஆள் இல்லை.
கதவில் அரக்கு, அரக்கில் போலீஸ் முத்திரை.
நான் செய்த பெட்டி மட்டும்
தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறது.

பேட்டையில் என் கடை.
மிக்ஸி, ஸ்டெபிலைசர், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர்.
பொம்பள கை வச்சா ஓடுமா என்று கேட்டவர்கள்
இப்போது மோட்டாரை இறக்கிவிட்டு
டீ குடிக்கப் போகிறார்கள்.

நம்பிராசன் வந்தது மாசிக் கடைசியில்.
"அக்கா, ஸ்ட்ராபெரி வளக்கப் போறேன்.
பெருமாள்புரத்துல, மாடி ரூம்ல.
நான் இல்லாட்டாலும் அது பாட்டுக்கு நடக்கணும்."
திருநெல்வேலி வெயிலில் ஸ்ட்ராபெரி!
சவம், என்னத்தையும் வளத்துட்டுப் போ.
ஐநூறு ரூபாய்க் கட்டை வைத்தான்.
நான் எண்ணவில்லை.
எண்ணியிருந்தால் கேட்டிருப்பேன்.

வாஷிங் மெஷினில் கழற்றிய வால்வு,
கூலர் பம்பு, மீன்தொட்டிக் குழாய்,
கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் ஒன்று செத்தபோது
எடுத்துவைத்த ரிலே நாலு.
ஈரம் குறைந்தால் தண்ணீர். சூடு ஏறினால் காற்று.
சித்திரையில் ஊரே வெந்து கிடந்தபோது
அந்த அறை மட்டும் குளுகுளுவென்று இருந்தது.
என் பிள்ளை படிக்க அப்படி ஓர் அறை இல்லை.

பெட்டியைப் பொய்க்கூரைக்கு மேலே ஒளித்தேன்,
வயர் தெரிந்தால் எனக்குப் பிடிக்காது.
சோதனைக்கு என் நம்பரைப் போட்டேன்.
எடுக்க மறந்தேன்.
(மறந்தேன் என்றுதான் சொல்லப் போகிறேன்.)
"ஈரம் 41. தண்ணீர் விட்டேன்."
விடப்பட்டது என்று எழுதியிருக்கலாம்.
ஏனோ அதைத் தன்மையில் பேசவிட்டேன்.

வைகாசியில் மறுபடி கூப்பிட்டான்.
பகலைக் குறைக்கணும்க்கா, அப்பதான் பூக்கும்.
படியேறும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.
கொடை ராத்திரி
கோயிலுக்குப் பின்னால் புகையுமே, அந்த வாடை.
இது பச்சையாக, ஈரமாக.
"ஸ்ட்ராபெரி நல்லா வருதாய்யா?"
தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "வருதுக்கா."
நான் பகலைக் குறைத்துக் கொடுத்தேன்.
அன்றைக்கு எண்ணினேன். முப்பத்தெட்டுத் தாள்.

மின்கணக்கு எடுக்க வந்த பெண்
மீட்டர் கண்ணாடியை ரெண்டு தடவை துடைத்தாளாம்.
ஒத்தை ஆள் இருக்கிற வீடு,
மாவு மில் ஓடுகிற கணக்கு.
மறுவாரம் ஜீப் வந்தது.
நாற்பது செடி, வேரோடு, சாக்கில் கட்டி.
பேப்பரில் போட்டிருந்தான்:
வெளிநாட்டுத் தொழில்நுட்பம்.
டீக்கடையில் வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
பேட்டை, வே. பேட்டை.

விளக்கைக் கழற்றிக் கொண்டுபோயிருப்பார்கள்.
பெட்டிக்கு அது தெரியாது.
சுவிட்சைப் போட்டால் போட்டேன் என்கிறது.
செடி இல்லாத மண்ணுக்கு
இருக்கிற தண்ணீரை அளந்து அளந்து விட்டது.
நேற்று ராத்திரி ஒன்றரைக்கு:
"தொட்டி காலி. என்ன செய்ய?"
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதே கேள்வி.
நான் எழுதிவைத்த கேள்விதான்,
நம்பிராசனிடம் கேட்பதற்கு.
அவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான்.
அடிவாங்கியும் என் பெயரைச் சொல்லவில்லை என்கிறார்கள்.
சொல்லிவிட்டான் என்றும் சொல்கிறார்கள்.

"நில்" என்று அனுப்பினால் நின்றுவிடும்.
ஒரு சொல்.
அடித்து வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை.
அனுப்பினால் அது என் கை.
அனுப்பாவிட்டாலும் பதினொரு நாளாக
என் போன்தானே அதிர்கிறது.

இன்று மதியம், டவுனிலிருந்து வந்தவருக்கு
ஸ்டார்ட்டர் காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
"ஈரம் 63. தண்ணீர் வேண்டாம்."

பேட்டையில் ஒரு சொட்டு மழை இல்லை.
பெருமாள்புரத்தில் பெய்து, கூரை ஒழுகுகிறதா?
அரக்கை உடைத்து
உள்ளே யாராவது நிற்கிறார்களா,
கையில் செம்போடு?

"என்னம்மா, சுத்து விட்டுப்போச்சா?" என்றார் அவர்.
ஆமாம்.
முதலிலிருந்து எண்ண வேண்டும்.