வரி எடுத்துக்கொடுப்பவள்

கவென்ட்ரி மாதா கோயில் கூடத்தில்
பிங்கோ எண்கள் இன்னும் சுவரில் தொங்க
நாங்கள் ஒரு கப்பல் கட்டினோம்.
மூன்று பெஞ்சு, ஒரு கயிறு,
பிஸ்கட் டப்பா மூடியில் பல்பு பொருத்திய நிலா.

நாடகத்தில் ஐந்து பேர்.
மேயோவிலிருந்து கிளம்பியவர்கள்.
இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று,
அப்புறம் ஊர் திரும்பி நிலம், மாடு, கல்யாணம்.
ஒருவனுக்கு மட்டும் அக்கார்டியன் கடை.
அக்கார்டியன் கடை என்றதும்
கூடமே சிரித்தது.

நான் ஓரத்திரைக்குப் பின்னால்,
மடியில் பிரதி, கையில் டார்ச்.
நிகழ்ச்சி நிரலில் என் பெயர்
தேநீர் போட்டவர்களுக்கும் கீழே.
மறந்தவருக்கு ஒரு சொல் எடுத்துக்கொடுப்பேன்.
ஒன்று போதும்.
நுனி கிடைத்தால் கண்டு அவிழும்.

மலாக்கி டூஹி மறக்கிறவர் இல்லை.
எழுபத்தொரு வயதில்
இருபத்துமூன்று வயதுக்காரனாக நடிக்கிறார்,
நரைக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் தடவி.
இளைஞர்களைத் தேடாமலில்லை.
இங்கே பிறந்த பிள்ளைகள் ஒருவருக்கும்
அந்த உச்சரிப்பு வரவில்லை.

மூன்றாம் காட்சி. கடிதம் எழுதுகிறான்.
'அன்புள்ள அம்மா,
கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்.'

"அன்புள்ள அம்மா" என்றார்.
நின்றுவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு, என்று கிசுகிசுத்தேன்.
பேனா மூடியைத் திருகினார்.
கிறிஸ்துமஸுக்கு, மலாக்கி.
என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்,
வாசலில் நிற்கும் கடன்காரனிடம்
தெரியும், தெரியும் என்பதுபோல.

பிறகு அவர் பேசியது
என் மடியில் இல்லை.

"அம்மா, சம்பளச் செக்கை
மதுக்கடையிலதான் மாத்தித் தர்றான்.
குடிச்சாத்தான் மாத்துவான்.
பள்ளம் பதினாலு அடி.
பலகை வெச்சு முட்டுக் குடுக்கல.
கோல்மன் உள்ள நின்னான்.
வேலைச் சீட்டுல அவன் பேரு கோல்மன் இல்ல,
வரி பிடிச்சிடுவாங்கன்னு வேற பேரு.
பெட்டி மேல என்ன பேரு எழுதணும்னு
மேஸ்திரி என்னைக் கேட்டான்.
எனக்கு நிஜப் பேரு தெரியும்மா.
சொல்லியிருந்தா
என் பொய்ப் பேரும் வெளிய வந்திருக்கும்.
கோல்மன்..."

அதற்கு மேல் வரவில்லை.
பக்கங்களைப் புரட்டினேன், என்ன மடமை,
எதைத் தேடி?

நாலாவது வரிசையில்
பச்சைக் கோட்டுக்காரர் ஒருவர்,
எழுந்திருக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு
சொன்னார்:
"ஹெஷன்."

"கோல்மன் ஹெஷன்" என்றார் மலாக்கி.

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள்.
நல்ல வேளை, ஃபெர்கல் இரண்டு பக்கம் தாண்டிக் குதித்து
"கப்பல் வந்துடுச்சு!" என்று ஓடிவந்தான்.
நாடகம் அதில் ஏறிக்கொண்டது.

இடைவேளையில் தேநீர்.
பச்சைக் கோட்டுக்காரர் போய்விட்டிருந்தார்.
மலாக்கியின் நெற்றியில் பாலிஷ் வழிந்திருந்தது.
நன்றாக நடித்தீர்கள் என்று பாதிரியார் கைகுலுக்கினார்.
நான் சர்க்கரை மட்டும் கேட்டேன்,
எத்தனை ஸ்பூன் என்று.

சனிக்கிழமை மறுபடியும் அதே நாடகம்.
மூன்றாம் காட்சியில் மலாக்கி
"அன்புள்ள அம்மா, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்"
என்றார் பிசிறில்லாமல்,
எழுதியிருந்தபடியே.
அக்கார்டியன் கடைக்கு அன்றும் சிரித்தார்கள்.

பிரதியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்த இரண்டு சொல் மேல்
டார்ச்சைப் பிடித்தபடி
வாய் திறந்து உட்கார்ந்திருந்தேன்,
அடுத்த காட்சிக்கு நிலாவை அணைக்கும்வரை.