நட்டநடுவில்

முனிர்க்காவில் மே மாதம்.
மின்விசிறியை நிறுத்து என்றதும்
ஜெபக்கனி என்னைப் பார்த்த பார்வையை
எழுத்தில் கொண்டுவர முடியாது.
இரவுப் பணி முடித்து அப்போதுதான் வந்தவள்.
கூலரையும் நானே நிறுத்தினேன்.

ஆறு மாதமாய் வ்யூஃபைண்டரின் நடுவே
கடுகில் பாதி, கறுப்பாய் ஒன்று.
லென்ஸை மாற்றினேன், போகவில்லை.
உள்ளே ஊதினேன், போகவில்லை.
கழுவி வந்த ஃபிலிமில் மட்டும் அது இல்லை,
ஒரு படத்திலும் இல்லை.
படத்தில் விழாத தூசுக்கு எதற்கம்மா இந்தப் பாடு என்றார்
கரோல் பாகில் ரிப்பேர் பார்க்கும் மல்ஹோத்ரா.
எண்ணூறு ரூபாய் என்றும் சொன்னார்.

ஆகவே குளியலறை.
ஒரு வாளி வெந்நீர் பிடித்துக் கதவைச் சாத்தி
ஆவி எழுந்து சுவரில் படிந்து வடியும்வரை
கேமராவோடு வெளியே காத்திருந்தேன்.
ராஜஸ்தானிலிருந்து டிக்கெட் எடுக்காமல் வரும் மணல்
இந்த ஊரில் எந்தப் பூட்டுக்கும் அடங்காது.
ஈரத்துக்குக் கொஞ்சம் அடங்கும்.

கவிழ்த்த பக்கெட்டின் மேல்
நூல் உதிராத பழைய குடைத்துணி.
புருவம் திருத்தும் இடுக்கி, நுனிகளில் டேப் சுற்றி.
காற்றடிக்க ரப்பர் பந்து.
இன்வெர்ட்டருக்கு வாங்கிய காய்ச்சி வடித்த நீரில்
இரண்டு மூடி.
ஜெபக்கனியின் கையுறை, எனக்கு ஒரு சைஸ் பெரிது.

லென்ஸைக் கழற்றி, டார்ச்சைப் பல்லில் கடித்து,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினேன்.
மேல்விளிம்பில், முன்பக்கம்,
அரிசிக் குருணை அளவில் ஒரு கொக்கி.
அழுத்தினேன். டிக்.
சட்டம் தொங்கியது, பல் டாக்டரிடம் திறந்த தாடைபோல.

அங்கே படுத்திருக்கும் கண்ணாடியைத் தொடக் கூடாது:
அதற்கு வெள்ளிப்பூச்சு மேல்பக்கம்,
விரல் பட்டால் விரல்தான் மிஞ்சும்.
திரையின் முகத்தையும் தொடக் கூடாது.
ஓரத்தில் அதற்கென்று ஒரு காது உண்டு,
அதைப் பிடித்து இழுக்க வேண்டும்.
பிளாஸ்டிக்தான், ஆனாலும் அதன் சொரசொரப்புப் பக்கம்
நகம் உரசியதைச் சாகும்வரை மறக்காது.
ஸ்பிரிட் ஆகாது. வாயால் ஊதவே ஆகாது.

“உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆகும் பாரு”
என்றது கதவுக்கு வெளியே குரல்.
பிறகு உள்ளே வந்தாள்.
இமை விளிம்பில் நின்ற என் வேர்வையை
ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குத் துடைப்பதுபோல
கேட்காமலே, காஸ் துணியால், ஒற்றி எடுத்தாள்.

மூன்று தடவை காற்றடித்தேன். அசையவில்லை.
முதல் மூடியில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு,
அதில் நான்கு அசைப்பு.
அடுத்த மூடியில் அலசல்.
துடைக்கவில்லை. சும்மா சாய்த்து வைத்தேன்.

அது உலர்ந்த அரைமணி நேரத்தில்
ஆறு மாதப் படங்களைக் கட்டிலில் பரப்பினோம்.
அவள்தான் கண்டாள்.
“எதுக்கு எல்லாரும் இடப்பக்கமா ஒதுங்கி நிக்காவ?”

மதர் டெய்ரி பூத்காரர்.
மெட்ரோ வாசலில் சாக்ஸ் விற்கும் பெண்.
மொட்டைமாடியில் ஈரத்தலையோடு இவளே.
நிஜாமுதீனில் ரயில் ஏறும் முன் என் அப்பா,
பாதித் தோள் சட்டகத்துக்கு வெளியே,
நடுவில் யாரோ விட்டுப்போன டிரங்குப் பெட்டி.

முகத்தில் புள்ளி விழ வேண்டாமே என்று
ஒவ்வொரு தடவையும்
நானேதான் கேமராவைத் திருப்பியிருக்கிறேன்.
தூசு விழவில்லை படத்தில்.
அதற்கு நான் வழிவிட்டது
விழுந்திருக்கிறது, எல்லாவற்றிலும்.

காதைப் பிடித்துத் திரையைத் திரும்ப வைத்தேன்.
டிக்.
கண் வைத்தால் நடு காலியாக இருந்தது.
வலது மூலையில் முன்பு இல்லாத ஓர் இழை,
இமைமுடியில் கால்வாசி.
இன்னொரு தடவை திறக்கலாம்தான்.
அதற்குள் ஜெபக்கனி
விசிறி ஸ்விட்ச்சில் கை வைத்திருந்தாள்.

அப்படியே நில் என்றேன்.
ஸ்விட்ச்சில் கை, வாயில் பாதிக் கொட்டாவி.
பழக்கதோஷம், கேமரா வலப்பக்கம் திரும்பியது.
இழுத்துக்கொண்டு வந்தேன்.
அவள் மூக்கு நடுவில் வந்து சேர்வதற்கும்
விசிறி சுற்றத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.
கட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும்
ஒருவர்மேல் ஒருவர் பறந்து விழுந்தார்கள்.