முப்பது நிமிட இருட்டு

பேய்மிரட்டி.
ஆய்வேட்டில் இந்தப் பெயரை எழுதுகையில்
பக்கத்தில் லத்தீனைச் சாய்வெழுத்தில் போட்டுச் சரிக்கட்டுகிறேன்.

ஆரல்வாய்மொழியில், காற்றாலை நாற்பத்தேழின் காலடியில்
இலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.
காவலாளி வந்தார். "பேய் ஓட்டவா?"
"ஆமாண்ணே."
எந்தப் பேய் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், அந்தக் காற்றில்
இணை தொலைத்த ஓர் எலக்ட்ரானைப் பற்றி
நான் கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நாகர்கோவில். கல்லூரியின் இரண்டாம் மாடி.
நானூறு கிராம் இலை, குடுவை முக்கால் வெள்ளம்.
மூன்று மணி நேரக் கொதிப்பில்
குளிர்குழாய்ச் சுவரில் வியர்த்து இறங்கியது மணம்:
கற்பூரத்துக்குப் பக்கத்து வீடு,
நசுக்கிய மிளகுக்குத் தூரத்துச் சொந்தம்.
வெள்ளத்தின் மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம்.
கோட்டோடு கண்ணை ஒட்டிப் படித்தேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று மில்லி.
லூக்காஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார்:
"இந்த இத்திரி எண்ணெய்க்கா
மூணு மணிக்கூர் கரண்டு எரிச்சிய?"

டி.பி.பி.எச். கரைசல்,
நாவற்பழம் தின்றவன் நாக்கு.
அதன் ஒவ்வொரு மூலக்கூறும்
ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.
எண்ணெயில் யாராவது ஒரு ஹைட்ரஜனை
அந்தக் கையில் வைத்தால் போதும்,
ஊதா வெளுக்கும்.
ஒன்று முதல் ஐந்து வரை குழாய்கள்,
ஆறாவதில் ஒப்பிட வைட்டமின் சி.
அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.
முப்பது நிமிடம் இருட்டு வேண்டும்.

பதினைந்தாவது நிமிடம் கரண்டு போனது.
ஊர் ஊருக்குக் காற்றை அரைத்து அனுப்பும் மாவட்டத்தில்.
"நல்லதாப் போச்சு, இருட்டுதான கேட்டிய?"
கேட்டேன் அண்ணே, முப்பது நிமிடத்துக்கு.
அதற்கப்புறம் ஸ்பெக்ட்ரோவுக்கு
ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டர் வேண்டும்.
மெழுகுவர்த்தியிடம்
அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது.

காத்திருந்தேன்.
ஜன்னலுக்குக் கீழே என் ஸ்கூட்டர்;
மணவாளக்குறிச்சிக் கடற்காற்று
மட்கார்டை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது.
வீட்டில் போன மாதக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய்
மூடியைத் திறந்தாலே காறுகிறது.
எல்லாம் அதே ஆக்சிஜன்.
நான் இழுத்து விடும் இதுவும்.

நாற்பது. ஐம்பது.
கரண்டு வந்தது ஐம்பத்தெட்டில்.
இயந்திரம் சூடாக இன்னும் பதினைந்து.
அந்த எண்களை எந்த நடுவரும் ஏற்கமாட்டார்,
நானே ஏற்கமாட்டேன்.

ஆனால் முப்பதாவது நிமிடத்தில்
செல்போன் டார்ச்சை அடித்து
கதவை ஒரு விரற்கடை திறந்திருந்தேன்.

பேனாவில் எழுதினேன்:
மின்தடை. நிராகரிக்கப்பட்டது. மீண்டும் செய்க.
அதன் கீழே, அழித்துவிடலாம் என்று, பென்சிலில்:
ஆறாம் குழாய், முழு மஞ்சள்.
முதல் குழாய், அசையவில்லை.
ஐந்தாவது
மட்டிப்பழத் தோல்,
காம்புப் பக்கம் மட்டும் இன்னும் பழுக்காதது.