வெறும் வண்டி எடை

புளியரையில் எடைமேடை என் பொறுப்பு,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
மலை ஏறிப் போகிற எம்-சாண்ட், ஜல்லி, வைக்கோல்,
சில நாள் ஒரு லாரி நிறைய வாழைக்காய்.
வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே
என் அறையில் இரண்டு பழைய கணினிகள்
செஸ் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒன்றில் நான் எழுதிய நிரல். பெயர் குண்டாறு.
மற்றதில் ஆரியங்காவு ரெஜிமோன் எழுதியது. கழுதுருட்டி.
ஒரே மலையின் இரண்டு சரிவில் இறங்கும் தண்ணீர்.
கோடையில் ரெண்டிலும் கல்லுதான் என்பான் ரெஜி.

சட்டங்களை ரசீதின் பின்பக்கம் எழுதினோம்.
ஒரே தொடக்கத்தை இரண்டு தடவை ஆட வேண்டும்,
வெள்ளையாக ஒன்று, கறுப்பாக ஒன்று;
முதலில் நகர்த்துகிறவரின் லாபம்
கெட்டிக்காரத்தனத்தில் சேராது.
நினைவகம் சமம்.
ஆளுக்கு ஒரு நிமிடம், நகர்வுக்கு அரை நொடி கூடுதல்.
எதிராளியின் நேரத்தில் யோசிப்பது இருவருக்கும் கிடையாது.
கரண்ட் போய் அறுந்த ஆட்டம் செல்லாது,
அதன் ஜோடியும் செல்லாது.
ஜெயிக்கிற நேரம் பார்த்து நிறுத்தக் கூடாது.

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான்.
மீற நினைத்ததும் நான்தான்.

ஏனென்றால் இருநூறு ஆட்டம் முடிந்த விடியலில்
நூற்றுப் பதினெட்டுக்கு எண்பத்திரண்டு.
டிராவுக்கு அரை அரை போட்டும் அவ்வளவு.
போதுமே, இதற்கு மேல் என்ன என்று தோன்றியது.
பால்வண்டி ஆவுடைநாயகத்திடம்கூடச் சொல்லிவிட்டேன்.
'ரெண்டு மிஷின் ஆடுனதுல நீ எப்படி ஜெயிச்ச?' என்று கேட்டார்.

ரெஜி பைக்கில் கணவாய் தாண்டி வந்தான்.
சண்டை பிடிக்கவில்லை.
இரண்டு பெட்டிகளையும் புறங்கையால் தொட்டான்.
என்னுடையது மண்பானை மாதிரி. அவனுடையது தோசைக்கல்.

ஆனி மாதம்.
கணவாய் வழியாக நுழைகிற சாரல்காற்று
ஜன்னலில் புகுந்து நேரே என் பெட்டியின் மேல் விழுகிறது.
அவன் பெட்டி சுவரோரம், பிரிண்டருக்குப் பின்னால்,
சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது:
நொடிக்கு ஒன்பது லட்சம் நிலைகள் பார்க்க வேண்டியது
ஆறு லட்சத்தில் தடுமாறியது.

'காற்றும் நின்ற ஆளாணோ, செண்பகவல்லி?'

எனக்குக் காது சுட்டது.
கிளீனரை உட்கார வைத்து வெறும் வண்டியை எடை போட்டு,
பாரம் ஏற்றி வருகையில் அவனை டீக்கடையில் இறக்கிவிட்டு வரும்
டிரைவர்களை எனக்குத் தெரியும்.
அறுபது கிலோ ஆள், அறுபது கிலோ மணல்.
எத்தனை கேபின் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன்.
இந்த ஜன்னலை மட்டும் பார்க்கவில்லை.

பெட்டிகளை இடம் மாற்றி இன்னும் இருநூறு.
எண்பத்தொன்பதுக்கு நூற்றுப் பதினொன்று.
கூட்டினால் இருநூற்றேழு, நூற்றுத் தொண்ணூற்றுமூன்று.
காசு சுண்டினாலும் வரும் அந்த வித்தியாசம்.
யார் பெரியவர் என்று கேட்டால்
தெரியாது என்பதுதான் நானூறு ஆட்டத்தின் விடை.
அந்த விடைக்கு
எங்கள் மின் கட்டணம் கொஞ்சம் அதிகம்.

இப்போது இருவரும் ஒரே பெட்டிக்குள்.
ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் சும்மா கிடக்க வேண்டும்.
சூடானால் இருவருக்கும் சூடு,
சாரல் வந்தால் இருவருக்கும் சாரல்.
நாலாயிரம் ஆட்டம் முடியும்வரை யாரும் வாய் திறப்பதில்லை.
ஸ்கோர் தெரியும் மூலையில்
ஒரு எடைச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்:
வெறும் வண்டி, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து கிலோ.

நேற்று மூன்று மணிக்கு லாரி எதுவும் வரவில்லை.
சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தேன்.

ரெஜிக்குச் சொல்லவில்லை.
உங்களுக்கும் சொல்வதாக இல்லை.