பிழையில்லாத கடிதம்

ஃபால்மத் முகாம், வர்ஜீனியா. பெப்ருவரி.
மாவுப் பீப்பாய்தான் எங்கள் குடிலுக்குப் புகைபோக்கி;
இரண்டு முறை அதுவே தீப்பிடித்தது.

ஹைரமுக்கு வயிற்றுப்போக்கு, இருபதாம் நாள்.
கொய்னாவை விஸ்கியில் கரைத்துத் தருகிறார் வைத்தியர்,
எல்லா நோய்க்கும் அதுதான்.
ரொட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக்
காப்பியில் போட்டேன். புழு மிதந்தது.
வழித்தெறிந்துவிட்டு ஊட்டினேன்.

பென்சில் பிடிக்க முடியவில்லை அவனுக்கு.
"நலம்னு போடு" என்றான்.
போட்டேன்.
"சிவப்புப் பசுவை விற்காதே, ஈனட்டும்.
லூசியனுக்குப் பல் விழுந்ததா?"
அதையும் எழுதினேன், மணிமணியாக.
நான் வாத்தியாராக இருந்தவன்.

வெர்மான்டிலிருந்து பதில் வரப் பதினோரு நாள்.
ஓர்வில்லா எழுதியிருந்தாள்:
பசுவை விற்கவில்லை.
கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.
அவருக்கு என்ன ஆயிற்று?

படித்துக் காட்டினேன். சிரித்தான்.
சிரித்த வேகத்தில் வாளியைத் தேடினான்.

இன்றிரவு அடுத்த கடிதம்.
துப்பாக்கிச் சனியனை மண்ணில் குத்தி
அதன் துளையில் மெழுகுவத்தி.
அவன் தூங்குகிறான், அல்லது
தூங்குவதுபோல் கிடக்கிறான்.
எந்தெந்தச் சொல்லில் தவறுவான் என்று
மாலையே கேட்டு வைத்துக்கொண்டேன்.

பிரம்பெடுத்துப் பிள்ளைகளைத் திருத்திய கை
கோணலாகப் பழகுகிறது:
நளம்.
நளம்.