கூண்டு பதினான்கு

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடந்தது; அதன்மேல் யாரோ
நாயை நடத்திப் போனார்கள்.
நிலவறையில் மட்டும் இருபத்திரண்டு டிகிரி,
ஆண்டு முழுதும்.

இரண்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை
பாதிக் கூண்டுகளுக்கு நிறையப் பஞ்சு,
பாதிக்கு அரைத் தாள், அடியில் கம்பி வலை.
வேறு வித்தியாசம் இல்லை.

அரைத் தாளில் கூடு நிற்காது.
தாய் எழுகிறாள், ஒரு குட்டியை மிதிக்கிறாள்,
இன்னொன்றைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போகிறாள்,
எதற்குப் போனோம் என்று மறந்தவள் மாதிரி
திரும்புகிறாள்.
பால் இருக்கிறது. நிதானம் இல்லை.

எட்டு வாரம் கழித்து அதே குட்டிகள், வளர்ந்தவை,
பிளாஸ்டிக் குழாயில் அரைமணி நேரம்.
வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
பஞ்சில் வளர்ந்தவை பயந்தன,
பிறகு பயத்தைக் கீழே வைத்தன.
மற்றவற்றின் கோடு
திரையில் இறங்கவே மறுத்தது.
குழாய் எப்போதோ திறந்துவிட்டது என்று
ரத்தத்துக்கு யாரும் சொல்லவில்லை.

ரைலி லெப்பிக் இதையெல்லாம் குறித்துவைப்பவள்.
அந்த முதல் வாரம், ஐந்தாம் நாள், ஞாயிறு,
பதினான்காம் கூண்டில்
இன்னொரு அரைத் தாளை வைத்துவிட்டாள்.
திங்கள் காலை அவளே சொல்லவும் செய்தாள்.
காரெல் திட்டவில்லை.
சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பதினான்கு இப்போது எந்தக் கோட்டிலும் இல்லை.
ஆறு எலிகள். யாரும் குழாயில் இடவில்லை,
வாலைத் தொடவில்லை.
அந்தத் தாள் எதையாவது மாற்றியதா
என்று அறிய வழியே இல்லை.

லிஃப்ட் அதிர்கிறது. ரைலி திடுக்கிட்டு
முதலில் அவற்றைத்தான் பார்க்கிறாள்.
ஒன்று காதை அசைக்கிறது. மற்ற ஐந்தும்
ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன.