ஒட்டாத வெள்ளம்

பனச்சமூட்டு மருந்துக்கடை செல்லக்கண்
இரண்டு வருடமாகத் தந்துகொண்டிருந்தான்:
சளிக்கு ஓர் அட்டை, அலர்ஜிக்கு ஓர் அட்டை,
மூக்கில் விடச் சொட்டு மருந்து.
"அடுத்த மழைக்கு மாறிரும் அக்கா."
மழை இரண்டு முறை வந்து போனது.

இடது துவாரம் மட்டும்.
குனிந்தால் மட்டும்.
தாழ்ந்த பட்டையில் கத்தி வைத்தால்
மரத்துக்கு முன்னால் எனக்கு வடியும்.
நிறமில்லை, மணமில்லை.
தொண்டைக்குள் இறங்கினால் உப்பு,
கொஞ்சம் இரும்பு.

"உனக்க மூக்குக்கும் ஒரு சிரட்டை கெட்டணும் புஷ்பலீலா"
என்றார் ஏசுவடியான்.
கெட்டினவன் சொன்னால் சிரிக்க வேண்டியதுதான்.
சிரித்தேன். சிரித்தபோதும் வடிந்தது.

கைக்குட்டையைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
தினமும் முன்னூறு மரம் வெட்டுகிறவளுக்கு
எது உறையும், எது உறையாது என்று தெரியும்.
சளி காய்ந்தால் துணி விறைக்கும்.
இது காய்ந்த பிறகும்
துணி துணியாகவே கிடந்தது.

சொன்னேன். யாரும் துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காய்ச்சல்.
கழுத்து மடங்கவில்லை, வெளிச்சம் கண்ணில் ஆணியடித்தது.
வெள்ளறடை வழியாக ஜீப்பின் பின்சீட்டில் கிடந்து போனேன்.
எல்லை எப்போது கடந்ததென்று தெரியாது.

திருவனந்தபுரத்தில், காய்ச்சல் இறங்கிய பத்தாம் நாள்,
டாக்டர் ஷஹனாஸ் சிறு குப்பி ஒன்றைக் கையில் தந்தார்.
"குனிஞ்ஞிரிக்கு."
பால் வடியக் காத்திருக்கத் தெரிந்தவள் நான். காத்திருந்தேன்.
அடியில் அரைக் கரண்டி சேர்ந்தது.
"இது மூக்கிலெ வெள்ளம் அல்ல. தலச்சோறிலெ வெள்ளம்."

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்.
பாளையங்கோட்டையிலிருந்து பார்க்க வந்த நாத்தனார்
மூளைக்குள் வெள்ளமா என்று அலறி
வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மண்டையைப் பிளக்கணுமா என்றேன்.
வேண்டாமாம்.
வடிந்த வழியிலேயே ஏறிப்போய் அடைப்பார்களாம்.

நான் பார்க்காததை ஒரு வாரம் கழித்துத் திரையில் காட்டினார்.
விடியுமுன் என் நெற்றி விளக்கில் தெரியும் தோட்டம்போல
நடுவில் வட்டமாய் வெளிச்சம், சுற்றிலும் கருப்பு.
முதுகில் ஊசி வழி ஏற்றிய சாயம்
மூக்கின் கூரையில் பச்சையாய் இழை விட்டு இறங்கியது.
குறுநொய் அளவுப் பொத்தல்.
இதற்கா இரண்டு வருடம்.

வயிற்றிலிருந்து ஒரு துண்டுக் கொழுப்பு,
தொடையிலிருந்து ஒரு சவ்வு.
அதன்மேல் மூக்கின் நடுச்சுவரில் உரித்த தோல்,
ஓர் ஓரம் ரத்தத்தோடு விட்டபடி
திருப்பிப் போர்த்தியிருந்தது.
மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கத்தியைப் பார்த்தேன்.
பட்டையோடு நின்றது. தடியைத் தொடவில்லை.
"நல்ல வெட்டு" என்றேன்.
டாக்டருக்கு அது புகழ்ச்சி என்று புரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.

மூக்கு சீற்றருது. பாரம் எடுக்கருது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணம்.
முக்கருது. குனியருது.
"ஜெபத்துக்குத் தலை குனியலாமா?"
"மூணு மாசம் தைவத்தெ நேரெ நோக்கிக்கோ."

நோக்கினேன்.
சபை முழுதும் குனிந்திருக்க
நிமிர்ந்திருந்தவள் நான் ஒருத்தி.
யாரெல்லாம் கண் மூடுவதில்லை என்று
இப்போது எனக்குத் தெரியும்.

என் மரங்களை ஏசுவடியான் வெட்டினார்.
பதினொன்றில் தடிவரை காயம். கணக்கு வைத்திருக்கிறேன்.

நூறாம் நாள், நாலு மணி.
போகாதே என்று வாசலில் நின்றார், பிறகு வாளியை எடுத்துத் தந்தார்.
முதல் மரம் உயரம். இரண்டாவதும்.
மூன்றாவதில் பட்டை முழங்காலுக்குக் கீழே.
மூச்சைப் பிடிக்காமல் குனிந்தேன்.
கத்தி ஓடியது.

புறங்கையில் ஒரு சொட்டு.

விளக்கைத் திருப்பப் பயம்.
இருட்டிலேயே இரண்டு விரலால் தொட்டு
மெல்லப் பிரித்தேன்.

ஒட்டியது.